"இரத்தம் குறைவு" என்று சொன்னால் போதுமா?

உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். குடும்ப அட்டை, வீட்டு வரி ரசீது, பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றுக்கு இடையே, நான்காக மடிக்கப்பட்ட இரத்தப் பரிசோதனைச் சீட்டு ஒன்றாவது நிச்சயம் கிடக்கும். காய்ச்சலின்போது எடுத்ததாக இருக்கலாம்; பேறுகாலத்தில் எடுத்ததாகவும் இருக்கலாம். அதில் நாம் படித்திருப்பது முதல் வரியை மட்டுமே. ஹீமோகுளோபின் 9.2 என்று இருக்கும். "இரத்தம் குறைவு, டானிக் குடி" என்று யாரேனும் சொல்லியிருப்பார்கள். சீட்டு மடிக்கப்பட்டு அலமாரிக்குள் போயிருக்கும். அதற்குக் கீழே பத்துப் பதினைந்து வரிகள் இருக்கின்றனவே, அவற்றை எவர் படித்தார்?

பெண்கள் பள்ளி ஒன்றில் முப்பத்தோராண்டுகள் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். பெசன்ட் நகரில் வசிக்கிறேன். இரத்தத்தின் பாகங்களை ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். ஆனால் அந்தப் பாடம் என் சொந்தக் குடும்பத்தின் கல்யாணப் பேச்சுக்குள் வந்து உட்காரும் என்று எண்ணியதில்லை. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் சீட்டைப் படிப்போம்.

ஒரு கன மில்லிமீட்டர் இரத்தம் என்பது குண்டூசித் தலையளவுகூட இல்லாத துளி. அதற்குள் நாற்பது முதல் ஐம்பது லட்சம் சிவப்பணுக்கள் மிதக்கின்றன. வெள்ளையணுக்கள் நாலாயிரத்திலிருந்து பதினோராயிரம் வரை. தட்டணுக்கள் ஒன்றரை லட்சத்திலிருந்து நாலு லட்சம் வரை. சிவப்பணு பிராணவாயுவைச் சுமக்கும் கூலியாள். அதற்கு உட்கருவும் கிடையாது. சுமைக்கு இடம் வேண்டும் என்று அதையும் துறந்துவிட்ட உயிரணு அது. ஏறத்தாழ 120 நாள் உழைத்துவிட்டு மடிகிறது. ஈடுசெய்ய, நம் எலும்பு மஜ்ஜை ஒவ்வொரு விநாடியும் சுமார் இருபது லட்சம் புதிய சிவப்பணுக்களை உருவாக்கி அனுப்புகிறது. இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் உங்கள் உடலில் எத்தனை பிறந்திருக்கும் என்று கணக்கிட்டுப் பாருங்கள்!

தட்டணுக்களைப் பற்றி ஒரு வார்த்தை. மழைக்காலம் வந்தால் சென்னையில் டெங்குவும் வந்துவிடுகிறது. உடனே வீடு முழுவதும் தட்டணு எண்ணிக்கையையே ஜெபிக்கத் தொடங்கிவிடும். எண்பதாயிரம் என்றால் அழுகை. அறுபதாயிரம் என்றால் இரத்த வங்கிக்கு ஓட்டம். பத்தாயிரத்துக்குக் கீழே இறங்கினாலொழிய, அல்லது இரத்தக் கசிவு இருந்தாலொழிய, தட்டணு ஏற்றுவது பொதுவாகத் தேவைப்படுவதில்லை. டெங்குவில் மெய்யான ஆபத்து, இரத்த நாளங்களிலிருந்து நீர்ப்பகுதி கசிந்து இரத்தம் கெட்டிப்படுவதுதான். அதைக் காட்டுவது பி.சி.வி. என்னும் வேறொரு வரி. அது ஏறுகிறதா என்று மருத்துவரைக் கேட்பதே அறிவுடைமை.

இனி இந்தக் கட்டுரையின் உயிரான வரிக்கு வருகிறேன். எம்.சி.வி. என்ற மூன்று எழுத்துகள் சிவப்பணுவின் சராசரிப் பருமனைக் குறிக்கின்றன. எண்பதிலிருந்து நூறு வரை இருந்தால் சரியான அளவு. அதற்குக் கீழே என்றால் அணு சிறுத்துவிட்டது. மேலே என்றால் பருத்துவிட்டது. "இரத்தம் குறைவு" என்பது "காய்ச்சல்" என்பதைப் போன்றதே. மலேரியாவும் காய்ச்சல், டைபாய்டும் காய்ச்சல். இரண்டுக்கும் ஒரே மாத்திரை கொடுப்போமா? அணு சிறுத்ததா, பருத்ததா என்று கேளாமல் எல்லோருக்கும் இரும்புச்சத்து டானிக் கொடுப்பதும் அப்படிப்பட்டதுதான்.

அணு சிறுப்பதற்குப் பெரும்பாலும் காரணம் இரும்புச்சத்துக் குறைவு. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை காணப்பட்டது. அதே வயது ஆண்களில் 25 பேர். தமிழ்நாட்டுப் பெண்களில் 53 பேர். மாதவிடாய், கர்ப்பம், பிரசவம் என்று பெண்ணுடல் இரத்தத்தை இழந்துகொண்டே இருப்பது இதற்கு ஒரு காரணம். மற்றொரு காரணம் நம் சமையலறையில் இருக்கிறது. வீட்டில் யார் கடைசியாகச் சாப்பிடுகிறார்கள்? பிரியாணிச் சட்டியின் அடியில் கறித்துண்டுகள் யாருக்கு மிஞ்சுகின்றன? விருந்தாளிகளுக்கும் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறிய பின், ஆறிய சோற்றில் ஆணத்தை ஊற்றிக்கொண்டு, கையோடு ஒரு கோப்பைத் தேநீரையும் குடித்து எழுந்துவிடும் எத்தனை உம்மாக்களை நாம் அறிவோம்! அந்தத் தேநீர் உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்கவிடாமல் தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் எவ்வளவோ நன்மை. முருங்கைக் கீரையோடு எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு எளிதாக உட்புகும். கறியிலும் மீனிலும் உள்ள இரும்பு அதைவிட எளிதாகப் புகும்.

சுவரொட்டி வாங்கிச் சுட்டுக் கொடுப்பது நம் பாட்டிமார்களின் வைத்தியம். ஆட்டின் மண்ணீரலாகிய அதில் இரும்பு மிகுதி என்பது உண்மையே. ஈரலும் நல்லதுதான், ஆனால் அதில் ஏ வைட்டமின் மிக அதிகம் என்பதால், கர்ப்பிணிகள் அதை அடிக்கடி உண்ணலாகாது.

பிள்ளைகளின் ஒரு பழக்கத்தையும் கவனியுங்கள். பச்சரிசியை அள்ளி அள்ளி மெல்லும் பெண்பிள்ளையிடம், "அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை பெய்யும்" என்று சொல்லிச் சிரிப்பது தமிழ்நாட்டு வழக்கம். சாம்பல், பல்பம், செங்கல் துண்டு, ஐஸ் கட்டி இவற்றின் மேல் ஆசை வருவதும் இதே வகை. பல நேரங்களில் அது இரும்புச்சத்து தீர்ந்துபோனதற்கான அடையாளம். என் வகுப்பில் சுண்ணக்கட்டி திருடித் தின்ற சிறுமிகள் இருந்தார்கள். அவர்களைத் தண்டித்த ஆசிரியைகளும் இருந்தார்கள். பரிசோதனைக்கு அனுப்பியவர்கள் குறைவு.

பருத்த அணுக்களின் கதை வேறு. அதை அறிய என்னோடு கொஞ்ச தூரம் வாருங்கள். பெசன்ட் நகரிலிருந்து அடையாற்றுப் பாலத்தைக் கடந்து, சாந்தோம் வழியாகக் கடற்கரைச் சாலையில் சென்றால் சேப்பாக்கம் வரும். அங்கே திருவல்லிக்கேணியை ஒட்டி நிற்கும் கஸ்தூரிபா காந்தி அரசு மருத்துவமனையை முதியவர்கள் இன்றும் "கோஷா ஆஸ்பத்திரி" என்றே சொல்வார்கள். திரைக்குள் வாழ்ந்த பெண்கள் ஆண் மருத்துவர் முன் வரக் கூசி, பிரசவத்தில் மடிந்துகொண்டிருந்த காலத்தில், மேரி ஷார்லீப் என்ற பெண் மருத்துவரின் முயற்சியால் 1885-இல் தோன்றிய மருத்துவமனை அது. கோஷாப் பெண்களில் நம் பாட்டிமார் எத்தனை பேர் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். கர்ப்பிணிகள் கடும் இரத்தசோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய சிவப்பணுக்கள் சிறுக்கவில்லை, பருத்திருந்தன. எந்தப் பெண்களுக்கு இது மிகுதியாக வருகிறது என்று வில்ஸ் வீடு வீடாக உணவைக் கணக்கெடுத்தபோது, மிகவும் சத்துக் குறைந்த உணவை உண்டவர்களும், இந்நோய்க்கு மிகுதியாக ஆளானவர்களும் ஏழை முஸ்லிம் பெண்களே என்று கண்டார். படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது அல்லவா? பின்னர் அவர் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் எலிகளையும் குரங்குகளையும் வைத்து ஆராய்ந்தார். 1931-இன் தொடக்கத்தில் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் பணிபுரிந்தார். மலிவான ஈஸ்ட் சாறான மார்மைட்டைக் கொடுத்தால் இந்தச் சோகை தீருகிறது என்று அதே ஆண்டு அவர் வெளியிட்ட கட்டுரை உலகெங்கும் பேசப்பட்டது. அந்தச் சாற்றில் இருந்த பொருள் இன்னதென்று அப்போது தெரியவில்லை. "வில்ஸ் காரணி" என்றே அழைத்தார்கள். பத்தாண்டுகளுக்குப் பிறகு பசலைக் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது.

கதை திருவல்லிக்கேணியை விட்டு இன்னும் நகரவில்லை! அங்குள்ள இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் எல்லப்பிரகட சுப்பாராவ். தம் சகோதரர்களை ஸ்ப்ரூ என்னும் குடல் நோய்க்குப் பறிகொடுத்தவர். உணவிலுள்ள சத்தை உடல் ஏற்காமல், அணுக்கள் பருத்து, சோகை பிடித்துச் சாகும் நோய் அது. பின்னாளில் அமெரிக்காவில் லெடர்லி ஆய்வகத்தில் அவர் தலைமையில் இயங்கிய குழு, 1945-இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. ஸ்ப்ரூ நோய்க்கும் அதுவே மருந்தாயிற்று. இன்று ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிக்கு இலவசமாகத் தரும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்போடு 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறதே, அதற்குப் பின்னால் இத்தனை மனிதர்கள் இருக்கிறார்கள். அதை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டுக் குங்குமப்பூ தேடி அலைகிறோம்.

சுப்பாராவ் குழு அத்துடன் நிற்கவில்லை. அணுக்கள் பெருகுவதற்கு ஃபோலிக் அமிலம் வேண்டும். இரத்தப் புற்றுநோயிலோ வெள்ளையணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன. எனவே ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோன்றி, உள்ளே புகுந்து வேலையைக் கெடுக்கும் போலிப் பொருளை உருவாக்கினார்கள். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் அதைப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குக் கொடுத்து, நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியதை 1948-இல் அறிவித்தார். அதுவரை அந்தக் குழந்தைகளுக்கு எந்த மருந்தும் பலித்ததில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார். அந்த மருந்தின் இளைய உடன்பிறப்பாகிய மெதோட்ரெக்சேட்தான், 1954-இல் தொடங்கி இன்றும் என் வீட்டுக்கு அருகே இயங்கும் அடையாறு புற்றுநோய் நிலையத்திலும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் ஓர் அங்கம். இரத்தப் புற்று என்றாலே மரணம் என்று திரைப்படங்கள் நமக்குக் கற்பித்துவிட்டன. குழந்தைகளுக்கு வரும் முக்கிய வகையில் பலர் முற்றிலும் குணமாகி, மணமுடித்துப் பிள்ளை பெற்று வாழ்கிறார்கள்.

ஃபோலிக் அமிலம் கீரையில் உண்டு. ஆனால் நீண்ட நேரம் வேகவைத்தால் அழிந்துவிடும். புதுமணப் பெண்கள் கருவுறுவதற்கு முன்பிருந்தே இந்த மாத்திரையை உட்கொண்டால், குழந்தையின் முதுகுத்தண்டுக் குறைகளில் பல தவிர்க்கப்படும். அணு பருப்பதற்கு பி12 வைட்டமின் குறைவும் காரணமாகலாம். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் உட்கொள்பவர்களுக்கு பி12 குறைவதுண்டு. அதை அறியாமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் விழுங்கினால் சோகை மறையும். நரம்புக் கேடு உள்ளே வளரும். கால் மரத்துப்போவதைச் சர்க்கரையின் மேலேயே போட்டுவிடாமல் பி12 பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது என் குடும்பத்துக்கு வருகிறேன். எங்கள் பூர்வீகம் கீழக்கரை. லாத்தாவின் மூத்த மகள் முதல் கர்ப்பம் தரித்து, இரண்டாம் மாதத்தில் சிகிச்சைக்காக என்னிடம் வந்து தங்கினாள். இரண்டு ஆண்டுகளாக ஊரில் அவளுக்கு இரும்பு மாத்திரை கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். இரத்தம் ஏறவில்லை. "ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை" என்று மாமியார் வீட்டில் பழி. நான் சீட்டைப் பிரித்துப் பார்த்தேன். ஹீமோகுளோபின் 10.1, எம்.சி.வி. 64. ஆனால் சிவப்பணு எண்ணிக்கையோ 52 லட்சம்! இரும்பு இல்லாமல் அணு சிறுத்தால் எண்ணிக்கையும் பெரும்பாலும் குறைய வேண்டும். இங்கே அளவு மட்டும் சிறுத்து, எண்ணிக்கை ஏறி நிற்கிறது. மகப்பேறு மருத்துவரிடம் இதைக் காட்டினோம். அவர் இரும்பின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும், ஹெச்.பி.ஏ2 என்ற சோதனையையும் எடுக்கச் சொன்னார். இரும்பு போதுமான அளவு இருந்தது. மூன்றரைக்கு மேல் போகக் கூடாத ஹெச்.பி.ஏ2, 5.2 இருந்தது. தலசீமியா மரபணுவைச் சுமப்பவள் என்று பொருள்.

பயப்படாதீர்கள், சுமப்பவர் நோயாளி அல்லர். பெற்றோரில் ஒருவரிடமிருந்து ஒரு மரபணு மட்டும் குறையாக வந்தவர் அவர். இந்தியாவில் நூற்றுக்கு மூன்று நான்கு பேர் இத்தகையவர். கொஞ்சம் சோகை இருக்கும், ஆயுளுக்குக் குறைவில்லை. கணவனும் மனைவியும் இருவருமே சுமப்பவராக இருந்தால்தான் விபரீதம். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு, குழந்தை தலசீமியா நோயோடு பிறக்கும். பிறந்த சில மாதங்களில் வெளுத்துப்போகும் அந்தக் குழந்தைக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். அது வாழும் வரைக்கும். ஏற்றிய இரத்தத்தின் இரும்பு இதயத்திலும் ஈரலிலும் படியாமலிருக்க நாள்தோறும் மருந்து. எலும்பு மஜ்ஜை மாற்றினால் குணமாக்கலாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அந்தச் சிகிச்சை 1986-லேயே தொடங்கிவிட்டது. ஆனால் பொருந்தும் உடன்பிறப்பு வேண்டும். பெரும் பொருளும் வேண்டும்.

மூத்தவளின் கணவர் அயல் குடும்பம். அவருக்குச் சோதித்ததில் குறை இல்லை. அவள் இப்போது ஆண்குழந்தைக்குத் தாய். இருபது ஆண்டுகளாகப் பதினொன்றைத் தாண்டாத என் ஹீமோகுளோபினுக்கும் விடை கிடைத்தது. நானும் சுமப்பவள், லாத்தாவும் அப்படியே. அப்படியானால் எங்கள் காக்கா? அவருடைய மகன்? இங்கேதான் என் நெஞ்சு படபடத்தது. லாத்தாவின் இளைய மகளுக்கும் காக்காவின் மகனுக்கும் நிக்காஹ் செய்வதென்று சிறு வயதிலேயே பேசி வைத்திருந்தார்கள். பிள்ளைகளுக்கும் அதில் மனம் ஒப்பியிருந்தது.

மாமன் மகள், அத்தை மகன் என்று மணம் முடிப்பது தமிழ்நாடெங்கும் உள்ள வழக்கம். நமக்கு மட்டும் உரியதன்று. மார்க்கம் அதை அனுமதிக்கிறது, கட்டாயமாக்கவில்லை. உறவில் மணந்தால் நோய் புதிதாக முளைப்பதில்லை. ஒரே பாட்டனாரிடமிருந்து ஒரே குறை இருவருக்கும் வந்திருக்கும் வாய்ப்புத்தான் கூடுகிறது. நெருங்கிய வட்டத்துக்குள் மணம் நிகழும் எந்தச் சமூகத்திலும் இத்தகைய குறைகள் தங்கிவிடும். நீலகிரி மலைமக்களிடையே அரிவாள் அணு மரபு இருப்பதை லேமனும் கட்புஷும் 1952-இலேயே கண்டறிந்து எழுதினார்கள்.

சோதனை செய்யலாம் என்று நான் சொன்னபோது காக்கா முகம் சிவந்தார். "நம் வம்சத்துக்கே குறை சொல்கிறாயா? நாளை ஊரில் எவன் நம் பெண்களை எடுப்பான்?" என்றார். லாத்தா அழுதார். பெண்ணைப் பெற்றவரின் அச்சம் அது. அற்பமென்று ஒதுக்க என்னால் முடியவில்லை. சுமப்பவள் என்ற சொல்லை "சீக்குக்காரி" என்று திரித்துப் பேச ஊருக்கு எவ்வளவு நேரமாகும்? ஆனாலும் ஒரு சீட்டைக் காட்டி நூறு ரூபாய்க் கண்ணாடிப் பாத்திரத்தைத் தட்டிப் பார்த்து வாங்கும் நாம், பிறக்கப் போகும் குழந்தைக்காக ஓர் ஊசிக் குத்தைத் தாங்க மாட்டோமா என்று கேட்டேன். முடிவில் யாரிடமும் சொல்லாமல் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தவன் காக்காவின் மகன்தான். இளையவளும் கொடுத்தாள். அவளுக்கு இரும்பும் குறைவாக இருந்தது. இரும்பு குறைந்திருந்தால் ஹெச்.பி.ஏ2 பொய்யாகத் தாழ்ந்து காட்டலாம் என்பதால், மூன்று மாதம் மாத்திரை கொடுத்து மீண்டும் பார்த்தார்கள்.

இருவருமே சுமப்பவர்கள்.

மணம் முடித்துக்கொண்டு, ஒவ்வொரு கர்ப்பத்திலும் பத்துப் பதினொரு வாரத்தில் கருவைச் சோதிக்கும் வழியும் உண்டு என்று மருத்துவர் விளக்கினார். குறை இருப்பது தெரிந்தால் அடுத்து என்ன என்ற கேள்விக்கு எங்கள் வீட்டில் எவருக்கும் பதில் சொல்லத் துணிவில்லை. பெசன்ட் நகர் வீட்டுக் கூடத்தில் இரண்டு இரவுகள் பேசினோம். பேச்சு முறிந்தது. உறவு முறியவில்லை என்று சொல்லிக்கொள்கிறோம்.

காக்காவின் மகனுக்குச் சென்ற ஷவ்வால் மாதத்தில் தொண்டியில் நிக்காஹ் நடந்தது. பெண் பார்க்கும் முன்பே காக்காதான் அந்த வீட்டாரிடம் ஹெச்.பி.ஏ2 சீட்டைக் கேட்டு வாங்கினார். 2.6 இருந்தது. லாத்தாவின் இளையவள் பட்ட மேற்படிப்பில் சேர்ந்திருக்கிறாள். தொலைபேசியில் என்னை நலம் விசாரிக்கிறாள். முன்போல் "சாச்சி" என்று கூப்பிட்டு நெடுநேரம் பேசுவதில்லை. அவளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். சீட்டை நாங்களே முதலில் காட்டுகிறோம். இதுவரை இரண்டு வீட்டார் அதைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமல் போனார்கள். மூன்றாவது வீட்டுப் பையன் சோதனைக்குக் கொடுத்திருக்கிறான். முடிவு வியாழக்கிழமை வரும்.